எதிர்ப்புச் சக்திக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கிற சர்க்கரைக்காரர்களுக்கு

"எனக்குச் சர்க்கரை இருக்கு. எதிர்ப்புச் சக்தி கூடுறதுக்கு என்ன சாப்பிடலாம்?" கொரோனாவுக்குப் பிறகு எங்கள் திட்டக்குடிப் பக்கம் இந்தக் கேள்வி எழாத வீடே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்கிறார்கள். கொஞ்சம் படிக்கிறவன் என்று தெரிந்தால் என்னிடமும் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு எப்போதும் ஒன்றைத்தான் கேட்பேன்: கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது?

பேச்சை மாற்றுவதற்காகக் கேட்பதில்லை. கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்த எண்ணில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் உடம்பில் நோயோடு சண்டை போடுகிற அணுக்கள் இல்லாமல் போய்விடவில்லை. பெரும்பாலும் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். வேலைதான் ஓடாது. புண்ணிலோ நுரையீரலிலோ கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவர வேண்டியவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது அவை பாகில் கால் ஒட்டிய எறும்பு மாதிரி ஆகிவிடுகின்றன. வர நேரமாகிறது, வந்தாலும் கிருமியை விழுங்கும் வேகம் இல்லை, விழுங்கினாலும் கொல்லும் திறன் குறைகிறது. சர்க்கரை இறங்கினால் இதே அணுக்களின் வேலை தேறுகிறது. ஆகவே சர்க்கரை உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற முதல் வழி, இந்த அணுக்களைத் தடுத்து வைத்திருக்கிற சர்க்கரையை இறக்குவதுதான். சாப்பாடு, நடை, தூக்கம், பல், பாதம் என்று மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை.

2021-இல் இதைத் தமிழ்நாடே பார்த்தது. கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்ததே, நினைவிருக்கும். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அந்தப் பூஞ்சை புதிதாக எங்கிருந்தோ வந்து இறங்கியதல்ல. மண்ணிலும் குப்பையிலும் அழுகிய பழத்திலும் எப்போதும் இருப்பது. நாம் எல்லோரும் தினமும் அதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்கள், அதோடு ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள். கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள், உயிரை இழந்தவர்களும் இருக்கிறார்கள். கஷாயம் குடிக்காததால் அது வரவில்லை.

கருப்புப் பூஞ்சை வந்து போய்விட்டது. போகாமல் ஊருக்குள்ளேயே இருப்பது காசநோய். அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைக்கிறேன். நம் பக்கம் சர்க்கரையும் காசநோயும் கைகோத்து நடக்கின்றன, அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் விஜய் விஸ்வநாதன் குழுவினர் தமிழ்நாட்டில் காசநோய் சிகிச்சை பெறுகிறவர்களிடம் சர்க்கரை பரிசோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இன்னும் நான்கில் ஒருவர் அதன் வாசற்படியில். இரண்டையும் சேர்த்தால் பாதிப்பேர். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இந்த இரண்டு பெருங்கூட்டமும் கலக்கிற இடத்தில்தான் நாம் குடியிருக்கிறோம்.

என் பெரியப்பா விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகளில் வேலை பார்த்தவர். திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் வருவார். பொம்மைகளுக்கான களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இறுகியதும் பிரித்தெடுத்தால் இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் முதுகுத் தண்டு மாதிரி ஒரு கோடு நிற்கும். அந்தப் பிசிறைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் பெரியப்பாவின் வேலை. காய்ந்த பொம்மையைத் தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூசி புருவத்திலும் காது மடலிலும் படிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் முகம் கழுவினால் தண்ணீர் பால் மாதிரி ஓடும். அந்தக் களிமண்ணிலும் மெருகுப் பொடியிலும் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சிலிக்கா தூசிதான் நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படிகிறது. அங்கே காவலுக்கு இருக்கிற மேக்ரோஃபேஜ் அணுக்கள் தூசியை விழுங்கிவிட்டுச் சாகின்றன. காசநோய்க் கிருமியைப் பிடிக்க வேண்டியவையும் இதே அணுக்கள்தான். தூசி ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து ஒரே காவலாளியைச் சாய்க்கின்றன. காயாமல் ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் துடைத்துப் பிசிறெடுத்தால் தூசி பறக்காது. பட்டறையில் வேலை செய்கிற தம்பிகள் இதைப் படித்தால், இன்றைக்கே அந்த முறைக்கு மாறுங்கள்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு கட்டத்தில் இளைக்க ஆரம்பித்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "சர்க்கரை, அதான் இளைச்சிட்டாரு." இருமலுக்குத் தூசி காரணம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். சாயங்காலக் காய்ச்சல் வேலைக் களைப்பாகிவிட்டது. ஒரு கிளினிக்கில் இருமல் மருந்து, இன்னொன்றில் ஊசி என்று மாதங்கள் ஓடின. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு நர்சம்மாதான் கேட்டார்: "ஐயா, இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கா? ராத்திரி வேர்த்துக் கொட்டுதா?" அன்றே சளி எடுத்தார்கள். காசநோய்.

சர்க்கரையும் ஆளை இளைக்க வைக்கும், காசநோயும் இளைக்க வைக்கும். அதனால்தான் இரண்டாவது மறைந்துகொள்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் நுரையீரலின் மேல்பகுதியில் மட்டும் தெரியாமல் கீழ்ப்பகுதியிலும் தெரியக்கூடும் என்பதால் எக்ஸ்ரேயைப் பார்த்து நிமோனியா என்று நினைத்துவிடவும் வாய்ப்பிருக்கிறது. 2017-இல் மத்திய அரசு காசநோயையும் சர்க்கரையையும் சேர்த்துக் கையாள ஒரு வழிமுறை வகுத்தது. காசநோயாளி எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும், சர்க்கரை நோயாளி எல்லோரிடமும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இந்த நான்கையும் கேட்க வேண்டும். அந்த நர்சம்மா கேட்டது அதைத்தான். உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டுச் செலவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

காசநோய் மருந்து சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ரிஃபாம்பிசின் என்ற மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் அதே மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தும் சர்க்கரை ஏறும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும், அல்லது சில மாதம் இன்சுலின் போட வேண்டியிருக்கும். அடுத்தது, ஐசோனியசிட் என்ற மருந்து நரம்பைப் பாதிக்கலாம். சர்க்கரையால் ஏற்கெனவே கால் மரத்துப் போனவர்களுக்கு இது கூடும். கூடவே பி6 வைட்டமின் மாத்திரை தருவது அதற்காகத்தான். சத்து மாத்திரைதானே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியப்பா முழுக் கெடுவும் மருந்து சாப்பிட்டார், தேறினார்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் சர்க்கரைப் பத்தியம் என்றால் என்ன நடக்கிறது தெரியுமா? சோற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். இரவுக்கு இரண்டு சப்பாத்தி. குறைத்த இடத்தில் எதையும் வைக்க மாட்டார்கள். குழம்பு அதே தண்ணிக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை கொஞ்சம் இறங்கும், ஆளும் சேர்ந்து இறங்குவார். சதை கரையும். சதைதான் சாப்பாட்டுச் சர்க்கரையை உறிஞ்சி எரிக்கிற பெரிய உறுப்பு. எதிர்ப்பு அணுக்களையும் அவை செய்கிற புரதங்களையும் உடம்பு கட்டுவது நாம் சாப்பிடும் புரதத்திலிருந்துதான். அரைப்பட்டினிப் பத்தியம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ராஷன்ஸ் என்ற ஆய்வை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். காசநோயாளி உள்ள வீடுகளில் ஒரு பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. வேறு மந்திரம் எதுவும் இல்லை, பருப்பும் சோறும்தான். ஜார்கண்டின் ஏழைக் குடும்பங்களுக்குக் கலோரியே போதாமல் இருந்தது. நம் சர்க்கரை நோயாளிக்குக் குறை வேறு. அரிசி மிச்சம், பருப்பு பற்றாக்குறை. இந்தியர்கள் தாங்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று இந்தியாப் ஆய்வு சொல்கிறது. 2011-லிருந்து தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். அது பசியைப் போக்கியது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தட்டில் மற்றதை வாங்கக் காசும் வேண்டும், வாங்க வேண்டும் என்ற நினைப்பும் வேண்டும்.

ஆகவே என் கட்சி இது: சோற்றைக் குறைத்தால், குறைத்த இடத்தில் கட்டாயம் பருப்போ பயறோ முட்டையோ மீனோ வர வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறக்குறைய அதே அளவு. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு அறுபது கிராம் போல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நம் சாப்பாட்டில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறுநீரகத்தில் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரைக் கேட்டே போட வேண்டும்.

இதற்கெல்லாம் நாம் வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை. விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியான வேர்க்கடலை ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்றே பேர். கடலை நம் மண்ணின் பயிர். அவித்த கடலையைச் சாயங்காலம் டீயோடு வைத்துக்கொண்டால் பஜ்ஜி, முறுக்கு எல்லாம் தானே விலகும். உளுந்து நம் வயலில் விளைகிறது. வெலிங்டன் ஏரியில் தண்ணீர் நிற்கிற காலத்தில் கெண்டையும் விராலும் கிடைக்கும். முருங்கை வேலியிலேயே நிற்கிறது. கொல்லையில் மணத்தக்காளி, வரப்பில் பண்ணைக்கீரை. என் அண்ணி செய்கிற ஒரு சாப்பாட்டைச் சொல்கிறேன்: வரகரிசிச் சோறு ஒரு சின்னக் கிண்ணம், அதைவிடக் கூடுதலாக முருங்கைக்கீரை போட்ட பாசிப்பருப்புக் கூட்டு, பக்கத்தில் அவித்த முட்டை, கொஞ்சம் மோர். முதலில் கூட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. காயும் பருப்பும் முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறும். அண்ணனுக்குச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்கிற சர்க்கரை இப்படித்தான் வழிக்கு வந்தது.

வரகைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வட்டார வேப்பூர், மங்களூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் அதுதான் சாப்பாடு. இப்போது சர்க்கரைக்கு நல்லது என்று திரும்பி வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் வரகும் மாவுச்சத்துதான். அரிசியைவிட நார் கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அவ்வளவே. வரகுதானே என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டால் அரிசிச் சோறு செய்கிற வேலையை அதுவும் செய்யும். இன்னொன்று, அறுவடையில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு தலைச்சுற்றலும் வாந்தியும் கொடுக்கும் என்பது நம் தாத்தா காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். நன்றாகக் காய்ந்த வரகாகப் பார்த்து வாங்குங்கள்.

பொடிகளுக்கு வருகிறேன். வெந்தயம் நல்லதா என்றால் நல்லதுதான். அதில் உள்ள வழவழப்பான நார் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதில் ஆய்வுகள் செய்திருக்கிறது. அங்கே கொடுத்தது சிட்டிகைக் கணக்கில் இல்லை, உணவில் கலந்து நல்ல அளவில் கொடுத்தார்கள். ஆகவே காலையில் ஊறவைத்த பத்து வெந்தயத்தை விழுங்கிவிட்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பாகற்காய், நெல்லிக்காய், ஆவாரம்பூ எல்லாம் சாப்பாட்டின் பகுதியாக இருக்கட்டும். செம்மண் ரோட்டோரம் பூத்துக் கிடக்கிற ஆவாரம்பூவைப் பறித்து டீ போட்டுக் குடிக்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். அதில் பால், சர்க்கரை சேராமல் இருப்பதே பாதி நன்மை. நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் குடிக்கிறவர்கள் அதைத் தினசரிப் பழக்கம் ஆக்காமல், சித்த மருத்துவரைக் கேட்டு, நீங்கள் போடுகிற சர்க்கரை மாத்திரையின் பெயரையும் அவரிடம் சொல்லிக் குடியுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது லேபிள் இல்லாத பொடிகளுக்கும் உருண்டைகளுக்கும்தான். "மூட்டு வலியும் போகும், சர்க்கரையும் இறங்கும், எதிர்ப்புச் சக்தியும் கூடும்" என்று வீட்டு வாசலில் விற்பவை. இப்படிப்பட்டவற்றைப் பரிசோதித்தபோது ஸ்டீராய்டும் ஆங்கில மருந்துச் சர்க்கரை மாத்திரையும் கலந்திருந்தது பல இடங்களில் வெளிவந்திருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்பு அணுக்கள் அடங்கிப் போகும். 2021-இல் கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்ததும் இதே கூட்டணிதான்.

வைட்டமின் டி மாத்திரை போட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். மங்கோலியாவில் அந்த வைட்டமின் குறைபாடு மிக அதிகம். அங்கே 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி தொற்றுவது குறையவில்லை. முடிவு 2020-இல் வந்தது. குறைபாடு இருந்தால் எலும்புக்காகப் போட வேண்டும், அது வேறு. மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அதைப் பரிசோதித்துப் பார்ப்பதில் செலவழிக்கிற காசு வீண் போகாது. பி12 குறைந்தால் கால் மரமரப்பு கூடும், அது சர்க்கரையால் என்றே நினைத்து இருந்துவிடுவோம்.

நடைக்கு நம் தமிழ்நாடே சாட்சி. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும், ஒரு பகுதிக்கு மாத்திரை, ஒரு பகுதிக்கு இரண்டும், ஒரு பகுதிக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் என்று வைத்தார்கள். நடையும் உணவும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தாலும் பெரிய கூடுதல் இல்லை. தினம் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றன. நோய் வந்துவிட்டவர்களுக்கும் நடை சர்க்கரையை இறக்கும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான மருந்து. மதியம் எங்கள் ஊர் வெயிலில் யாரும் நடக்க முடியாது, வீட்டுத் திண்ணைக்கும் பின்கட்டுக்கும் நடந்தாலே போதும். சாயங்காலம் வெள்ளாற்றுப் பாலத்துப் பக்கமோ வைத்தியநாத சுவாமி கோயில் தெருவிலோ நடக்கலாம். நடையோடு நிற்காமல் குடம் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று சதைக்கு வேலை கொடுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது இன்னும் முக்கியம்.

தூக்கத்தைப் பற்றி நம் டாக்டர்கள்கூட அதிகம் கேட்பதில்லை. சிகாகோவில் 1999-இல் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவர்களுடைய உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதமே கெட்டுப் போனது. அமெரிக்காவிலேயே பிறகு, சளிக் கிருமியை மூக்கில் விட்டுப் பார்த்த ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கினவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. சூளை எரிகிற இரவு முழுவதும் கண் விழித்து வெக்கை பார்க்கிறவர்கள், ராத்திரி லாரி ஓட்டுகிறவர்கள், மறுநாள் பகலில் இருட்டறையில் அந்தத் தூக்கத்தை முழுதாகத் தூங்கிவிட வேண்டும். குடும்பமும் அதற்கு வீட்டை அமைதியாக வைக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

பல்லை யாரும் எதிர்ப்புச் சக்தியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஈறில் சீழ் என்றால் உடம்புக்குள் ஓயாமல் ஒரு தொற்று எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை ஈறை இன்னும் கெடுக்கும். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 0.4 அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாத்திரையின் வேலையில் பாதி அது. பல் தேய்க்கும்போது இரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் போங்கள். ஹான்ஸ், வெற்றிலைப் புகையிலை, பீடி எதுவாக இருந்தாலும் விடுங்கள். புகை காசநோய்க்கும் வாசல்.

பாதம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நரம்பு மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் செருப்பில்லாமல் சுற்றி வந்துவிட்டு, ராத்திரி கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்குக் காலையில் கல் சுடுமுன் போங்கள், அல்லது கனத்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி ஊர் ஊருக்கு நடக்கும். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர் தீ மிதிக்கவே கூடாது. வேண்டுதல் இருந்தால் மாவிளக்கு போடுங்கள், அம்மன் அதையும் ஏற்றுக்கொள்வாள். தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ஆணியைப் பிளேடால் வெட்டாதீர்கள்.

தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும், நிமோனியாவுக்கான ஊசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. மஞ்சள் காமாலை பி ஊசியும் உண்டு. உடம்புக்கு எதிரியை முன்கூட்டியே அடையாளம் காட்டித் தருவது ஊசிதான், அதைவிடச் சரியாக எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்கிற பொடி எதுவும் எனக்குத் தெரியாது. நோய் இல்லாதபோது ஊசிக்குக் காசு அதிகம் என்று தோன்றலாம். நிமோனியாவுக்காகப் படுக்கையில் கிடக்கும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

மருந்து வாங்க முடியவில்லை, பஸ் ஏறிப் போக முடியவில்லை என்று விட்டவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரையோடு உங்கள் தெருவுக்கு வருகிற அம்மாவிடம் இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், காலில் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கடைசியாகக் காய்ச்சல் நாளைப் பற்றி. சர்க்கரை உள்ளவருக்குக் காய்ச்சலோ வாந்தி பேதியோ வந்தால், "சாப்பிடல, அதனால மாத்திரை வேணாம், ஊசியும் வேணாம்" என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். சாப்பிடாவிட்டாலும் தொற்று இருக்கும்போது சர்க்கரை ஏறும். இன்சுலினைத் தானாக நிறுத்தக்கூடாது. சில மாத்திரைகளை வாந்தி பேதி நாளில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு எது எது என்று இப்போதே, நன்றாக இருக்கும்போதே, டாக்டரிடம் கேட்டு மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டி வையுங்கள். அன்றைக்கு நான்கைந்து தடவை சர்க்கரை பாருங்கள். கஞ்சித் தண்ணீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எது ஆகுமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சர்க்கரை 300-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள்.